நாய் யாருடையது? காணாமல் போன, கைமாறிய நாய்களின் உரிமைச் சிக்கலைத் தீர்க்கும் வழி

மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் உள்ள ஹோஷங்காபாத் நகரில், 2020 நவம்பரில் ஒரு கறுப்பு லாப்ரடார் நாய்க்காகப் போலீசில் பஞ்சாயத்து நடந்தது. ஆகஸ்டில் தொலைந்த தன் நாய் இது, பெயர் கோகோ என்றார் ஒருவர். தான் வாங்கி வளர்க்கும் நாய், பெயர் டைகர் என்றார் மற்றவர். இருவரும் விடுவதாக இல்லை. நாயின் நடத்தையை வைத்தும் முடிவு கட்ட முடியவில்லை. கடைசியில் போலீசார் மரபணுச் சோதனைக்கு மாதிரி அனுப்பினார்கள். கோகோவைப் பச்மரியில் வாங்கியதாக முதலாமவர் சொல்லியிருந்ததால், அங்கே இருந்த பெற்றோர் நாயின் மாதிரியோடு ஒப்பிட்டார்கள். 2021 மார்ச்சில் முடிவு வந்தது. பொருந்தியது. நாய் முதலாமவர் வீட்டுக்குத் திரும்பியது.

அந்த நாய்க்குப் பிறந்த வீடு எது என்று தெரிந்திருந்தது. மழையில் நனைந்து நடுங்கிய குட்டியைப் பேருந்து நிறுத்தத்தில் இருந்து தூக்கி வந்து வளர்த்தவருக்கு இந்த வழி கிடையாது. தாய் நாய் அதே தெருவில் இன்னும் இருந்தால் ஒழிய, ஒப்பிட மாதிரியே இல்லை. விற்ற ரசீது இல்லை. செம்பழுப்பு நிறம், மடங்கிய காது, வெள்ளைக் கால் என்று அடையாளம் சொன்னால் அது தெருவுக்கு மூன்று நாய்க்குப் பொருந்தும். மீட்கப்பட்ட நாய்களைப் பற்றிய சண்டை இழுத்துக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம்: இரண்டு பக்கமும் பாசம் உண்டு, ஒரு பக்கமும் தாள் கிடையாது.

சண்டை வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை, வந்த பிறகு செய்ய வேண்டியவை இரண்டும் இந்த அத்தியாயத்தில் வரிசையாக வருகின்றன.

சிக்கல் எந்த வகை?

எல்லாச் சண்டைக்கும் ஒரே மருந்து இல்லை. வகையைத் தெரிந்துகொள்ளாமல் காவல் நிலையத்துக்கு ஓடுகிறவர் அங்கே சொல்ல வேண்டியதை மாற்றிச் சொல்லிவிடுவார்.

1. தொலைந்தது, கண்டெடுக்கப்பட்டது. வளர்ப்பு நாய் வாசல் தாண்டி ஓடிவிட்டது. யாரோ எடுத்து வளர்க்கிறார், அல்லது மீட்பாளர் ஒருவர் வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்.
2. கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பது. வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது என்று கொடுத்தவர் ஆறு மாதம் கழித்து மனம் மாறுகிறார்.
3. பார்த்துக்கொள்ளக் கொடுத்தது. ஊருக்குப் போகும்போது நண்பரிடம் விட்டது, அல்லது அமைப்பு ஒன்று தற்காலிகப் பராமரிப்புக்குக் கொடுத்தது. பார்த்துக்கொண்டவர் இப்போது தர மறுக்கிறார்.
4. தத்துக் கொடுத்தவர் பறிக்க வருவது. தத்தெடுத்தவர் நாயை மொட்டை மாடியில் கட்டிப் போட்டிருக்கிறார் என்று தெரிந்து, மீட்பாளர் திரும்பக் கேட்கிறார்.
5. தெருநாய். தினமும் சோறு வைத்தவர் ஒருவர். வீட்டுக்குள் கொண்டுபோனவர் இன்னொருவர்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கும் கோடு மெல்லியது. பல வீடுகளில் அது ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. "கொஞ்ச நாள் பார்த்துக்கோங்க" என்று சொன்னால் நாய் இன்னும் சொன்னவருடையது. "நீங்களே வச்சுக்கோங்க" என்றால் அது கொடை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, பார்த்துக்கொள்ள வாங்கியவர் காலம் முடிந்ததும் திருப்பித் தந்தாக வேண்டும். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, அசையும் பொருளைக் கொடையாகக் கையில் ஒப்படைத்து மற்றவர் ஏற்றுக்கொண்டாலே கொடை முடிந்துவிட்டது, பத்திரம் தேவையில்லை. பிறகு வருந்தினால் திரும்பி வராது. அதனால் நாயைக் கைமாற்றிய நாளில் போன வாட்ஸப் செய்தியை முதலில் தேடி எடுக்க வேண்டும். அழித்திருந்தால் எதிர்ப்பக்கத்து போனில் அது இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

சட்டம்: தேவையான அளவு மட்டும்

இந்தியச் சட்டத்தின் கண்ணில் வளர்ப்பு நாய் ஓர் அசையும் சொத்து. கேட்கவே கசப்பாக இருக்கும். குழந்தைக்கு நீதிமன்றம் பார்ப்பதுபோல நாய்க்கு எது நல்லது என்று பார்க்கச் சட்டப் புத்தகத்தில் தனிப் பிரிவு இல்லை. ஆனால் அந்தச் சொத்து என்ற சொல்தான் தொலைத்தவருக்குக் கைகொடுக்கிறது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. அதில் வரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று நாய்த் திருட்டு: நாய்க்குப் பிடித்த தீனியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கெட்ட எண்ணத்தோடு அடுத்தவர் நாயைப் பின்தொடர வைத்தால், நாய் நடக்கத் தொடங்கிய கணமே திருட்டு நடந்துவிட்டது. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்த எடுத்துக்காட்டு இது. "நாய்க்கெல்லாம் புகார் எடுக்க மாட்டோம்" என்று சொல்பவரிடம் பணிவாக எடுத்துக் காட்டலாம்.

314ஆம் பிரிவு இன்னும் முக்கியம். கண்டெடுத்த பொருளைப் பாதுகாக்க எடுத்து வைப்பது குற்றம் இல்லை. உடையவர் யார் என்று தெரிந்தும், அல்லது கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்யாமலும், நியாயமான காலம் காத்திருக்காமலும் தனதாக்கிக்கொள்வது குற்றம். எத்தனை நாள் என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை. முயற்சி செய்ததற்குச் சான்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது விதி எளிது: தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் இன்னொருவருக்குத் தர முடியாது. தொலைந்த நாயை உடையவரைத் தேடாமல் மீட்பாளர் தத்துக் கொடுத்தால், தத்தெடுத்தவர் நல்ல எண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் முதல் உடையவரின் உரிமை அதோடு போய்விடாது. தத்தெடுத்த குடும்பம் எந்தத் தப்பும் செய்யாமல் நாயைப் பறிகொடுப்பது இப்படித்தான்.

அமெரிக்காவில் 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது இது பெரிய அளவில் நடந்தது. நாயை ஏற்றிக்கொள்ள மாட்டோம் என்ற மீட்பு வண்டிகளில் மக்கள் ஏறிப் போனார்கள். தொண்டர்கள் பின்னால் வந்து நாய்களைக் காப்பாற்றித் தொலைதூர மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். மாதங்கள் கழித்து உடையவர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது நாய்கள் வேறு பெயரில், வேறு வீட்டில் இருந்தன. பல குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. பேரிடர் வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2006இல் சட்டம் இயற்றியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மாடி மாடியாக நாய்களை மீட்டவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தெரியாது.

சான்றுக் கோப்பு: இன்றைக்கே தொடங்க வேண்டியது

நாய் மடியில் தூங்கிக்கொண்டிருக்கும் நாளில் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு மணி நேரம் போதும்.

1. நாய் வந்த கதையை எழுத வேண்டும்: தேதி, இடம், யார் கொடுத்தார், அப்போது உடன் இருந்தவர் யார். கொடுத்தவரின் கையெழுத்து வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்வது நல்லது.
2. தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வளர்ப்பவரின் முழுப் பெயர் இருக்க வேண்டும். "டாமி" என்று நாயின் பெயரை மட்டும் எழுதி விட்ட புத்தகங்கள்தான் அதிகம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எழுதச் சொல்லி முத்திரை வாங்கலாம்.
3. படங்கள்: முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, வால், உள்ளங்கால், பல், வயிற்றுப்புறம். தழும்பு, மச்சம், விரல் நக நிறம் ஆகியவை நெருங்கித் தெரிய வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை. வீட்டு ஆளோடு சேர்ந்த படமும் வேண்டும்.
4. மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள இந்தச் சில்லைத் தோள்பட்டைக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்.
5. உள்ளாட்சி உரிமம். சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 ரூபாய். உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.
6. மருத்துவமனை, தீவனக் கடை ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வைக்க வேண்டும். பெயர் போட்ட ரசீதாகக் கேட்டு வாங்குவது முக்கியம்.
7. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, நாய் வளர்ப்பவர் தவிர வீட்டில் இன்னொருவரின் மின்னஞ்சலுக்கும் அனுப்பி வைக்கலாம்.

*குறிப்பு:* மைக்ரோசிப் இருக்குமிடம் காட்டும் கருவி அல்ல. ஸ்கேனரைத் தோளுக்கு மேல் பிடித்தால் எண் தெரியும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு பெயரும் போன் எண்ணும் பதிவேட்டில் சேர்ந்திருந்தால் மட்டுமே பயன். சிப் போட்டுவிட்டுப் பதிவு செய்யாமல் விடுவதும், சிம் மாற்றிய பிறகு பழைய எண்ணை அப்படியே விடுவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள்.

*இன்னொரு குறிப்பு:* காதில் உள்ள வெட்டு உரிமைச் சான்று ஆகாது. கருத்தடை செய்யப்பட்ட நாய் என்பதை மட்டுமே அது சொல்லும். ஒரே முகாமில் அறுவை செய்த அத்தனை நாய்க்கும் அதே வெட்டு இருக்கும்.

கூட்டுக் குடும்பத்திலும், ஒரே அறையில் தங்கும் நண்பர்களிடத்திலும் உரிமம் யார் பெயரில் என்பதை முதல் வாரத்திலேயே பேசி முடிப்பது நல்லது. அறையைக் காலி செய்யும் நாளில் அந்தப் பேச்சு நட்பாக நடப்பதில்லை.

நாய் தொலைந்த முதல் மூன்று நாள்

தீபாவளி வெடிச் சத்தத்தில் ஓடும் நாய் கண்மண் தெரியாமல் ஓடும். திரும்பி வரும் வழி அதற்குத் தெரியாது. அதனால் முதலில் கால்நடையாகத் தேட வேண்டும். போஸ்டர் அதற்கு அடுத்தது.

1. முதல் சில மணி நேரம்: தெருத் தெருவாக நடந்து, நாய்க்குப் பழகிய குரலில் கூப்பிட வேண்டும். இஸ்திரி வண்டிக்காரர், பால்காரர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலாளி ஆகியோரிடம் படத்தைக் காட்ட வேண்டும். இவர்களுக்குத் தெரியாமல் ஒரு புது நாய் தெருவுக்குள் நுழைய முடியாது.
2. அன்றே: பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகள், விலங்கு நல அமைப்புகள், மாநகராட்சி நாய்க் கருத்தடை மையம் ஆகிய இடங்களில் நேரில் விசாரிக்க வேண்டும். போனில் கேட்டால் "அப்படி எதுவும் வரலைங்க" என்று அவசரத்தில் பதில் வரும். சென்னையில் 1959 முதல் இயங்கும் புளூ கிராஸ், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றை முதலில் பார்க்கலாம்.
3. மறுநாள்: காவல் நிலையத்தில் எழுத்துப் புகார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. நாய் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டாலும், "இந்தத் தேதியிலேயே தேடினோம்" என்பதற்கு அந்த ரசீதுதான் சான்று. பின்னால் "அவங்களே விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று யாராவது சொன்னால் அதற்குப் பதிலும் அதுதான்.
4. போஸ்டர்: பெரிய படம், தொலைந்த இடம், தேதி, ஒரு போன் எண். அதற்கு மேல் வேண்டாம்.

போஸ்டரில் எல்லா அடையாளத்தையும் போடுவது பெரிய தவறு. ஒன்றை மறைத்து வைக்க வேண்டும்: இடது தொடையின் உட்பக்கத் தழும்பு, உடைந்த கோரைப்பல், ஏதாவது ஒன்று. நாய் தன்னிடம் இருக்கிறது என்று அழைப்பவரிடம் அதைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். "நாய் எங்கிட்டதான் இருக்கு, முதல்ல ரெண்டாயிரம் போடுங்க" என்று ஒருவர் சொன்னால், வீடியோ அழைப்பில் நாயைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்டாதவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது.

பரிசுத் தொகையை யோசித்தே அறிவிக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆம் பிரிவுப்படி, அறிவித்த பரிசைக் கண்டெடுத்தவர் வழக்குப் போட்டே வாங்கலாம். அதைத் தரும்வரை நாயைத் தன்னிடம் வைத்திருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

கண்டெடுத்தவர் செய்ய வேண்டியது

கழுத்துப்பட்டையோடு, அல்லது மனிதர் கையில் பழகிய சாயலோடு ஒரு நாய் வாசலில் நின்றால், அதைத் தொலைத்த வீடு ஒன்று இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மெலிந்திருப்பதும் உண்ணி அப்பியிருப்பதும் கொடுமைக்குச் சான்று ஆகாது. பத்து நாள் அலைந்த எந்த வீட்டு நாயும் அப்படித்தான் இருக்கும். "இப்படி வச்சிருந்தவங்களுக்கு எதுக்குத் திருப்பித் தரணும்" என்ற கோபத்தில் தொடங்கிய வழக்குகள் பல.

1. பயந்த நாயை நேராக நெருங்கக் கூடாது. பக்கவாட்டில் குந்தி, தண்ணீரும் சோறும் வைத்துக் காத்திருக்க வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய் சாதுவாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.
2. கண்ட இடத்திலேயே தேதி தெரியும்படி படம் எடுக்க வேண்டும். கழுத்துப்பட்டையைக் கழற்றி எறியக் கூடாது, அது சான்று.
3. கால்நடை மருத்துவரிடம் மைக்ரோசிப் ஸ்கேன். சில் தோளில் இருந்து நகர்ந்திருக்கலாம் என்பதால் கழுத்து, முன்னங்கால் பக்கமும் பார்க்கச் சொல்ல வேண்டும். "சிப் இல்லை" என்றால் அதையும் எழுதி வாங்கலாம்.
4. காவல் நிலையத்துக்கும் உள்ளாட்சிக்கும் எழுத்தில் தகவல். நகல் கையில் இருக்க வேண்டும்.
5. கண்ட இடத்தைச் சுற்றிப் போஸ்டர். இங்கேயும் ஓர் அடையாளத்தை மறைக்க வேண்டும்.
6. செலவுக் கணக்கு எழுத வேண்டும். உடையவர் வந்தால் அந்தச் செலவைத் தரும்வரை நாயை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. செலவு கேட்டு வழக்குப் போட மட்டும் முடியாது.
7. காத்திருக்கும் காலத்தில் உயிருக்கு அவசியமான சிகிச்சை மட்டும். கருத்தடையும், பெயர் மாற்றமும், புது உரிமமும் பிறகு.

சட்டம் நாள் சொல்லாவிட்டாலும், முப்பது நாளுக்குக் குறையாமல் தேடிவிட்டுப் பிறகு தத்துக் கொடுப்பது பாதுகாப்பு. அப்போதும் தத்தெடுப்பவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இது கண்டெடுத்த நாய், உடையவர் வரக்கூடும்.

உரிமை கேட்டு வருகிறவரைச் சோதிக்கும்போது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாலாட்டுகிறதா என்று பார்ப்பதை மட்டும் நம்பக் கூடாது. பிஸ்கட் வாசனைக்கு வாலாட்டாத நாய் உண்டா? பழைய படம், தடுப்பூசிப் புத்தகம், மறைத்த அடையாளம் இவை மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

அடுத்த வீட்டில் தன் நாயைக் கண்டால்

சந்தில் போகும்போது ஒரு வாசலில் தன் நாய் படுத்திருப்பதைப் பார்த்தவருக்குக் கால் நிற்காது. ஆனாலும் கேட்டைத் திறந்து உள்ளே போகக் கூடாது. அத்துமீறி நுழைந்த புகார் தன்மேலேயே திரும்பும். நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அப்படித்தான். வீடியோ எடுத்து "நாய்த் திருடன்" என்று பரப்பினால் அவதூறு வழக்கு வரும். பொதுத் தெருவிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

மறுநாள், நிதானமாக இருக்கும் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கோப்போடு போகலாம். முதல் வாக்கியம் நன்றியாக இருக்கட்டும். "வணக்கம்மா. உங்க வீட்டுல இருக்கிற நாயைப் பார்த்தேன். ஐப்பசியில எங்க வீட்டு நாய் காணாமப் போச்சு. இத்தனை நாள் நீங்கதான் சோறு போட்டுப் பார்த்திருக்கீங்க போலிருக்கு, ரொம்ப நன்றி. படமும் ஊசிப் புத்தகமும் கொண்டு வந்திருக்கேன், ஒரு தடவை பாக்கறீங்களா?" இப்படித் தொடங்கினால் கதவு சாத்தப்படுவது குறைவு. எதிரில் நிற்பவரும் அந்த நாய்க்காக இரவில் விழித்திருக்கிறார். அதை ஏற்றுக்கொள்ளாமல் பேசினால் பேச்சு நாயை விட்டுவிட்டு மானப் பிரச்சினைக்குப் போய்விடும்.

இருவரும் ஒப்பும் மருத்துவரிடம் சிப் ஸ்கேன் செய்யலாம் என்று முன்மொழியலாம். செய்த செலவைத் தரவும் தயாராக இருக்க வேண்டும். அவர் மறுத்தால் வரிசை இது:

1. பதிவுத் தபாலில் கடிதம்: நாயின் விவரம், சான்றுகளின் நகல், பதினைந்து நாள் கெடு, நாயை வேறு யாருக்கும் தரக் கூடாது என்ற வேண்டுகோள்.
2. காவல் நிலையத்தில் முன்பு வாங்கிய சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டுப் புகார். கண்டெடுத்ததாக இருந்தால் 314ஆம் பிரிவு. பார்த்துக்கொள்ளக் கொடுத்துத் தர மறுத்தால் நம்பிக்கை மோசடி பற்றிய 316ஆம் பிரிவு. போலீசார் நாயைக் கைப்பற்றினால், வழக்கு முடியும்வரை யாரிடம் இருக்க வேண்டும் என்று நடுவர் நீதிமன்றத்தில் இடைக்கால ஒப்படைப்பு மனு போட வேண்டும். அதில் தாமதம் கூடாது; காவல் நிலையத்தில் நாய்க்கு இடம் இல்லை.
3. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசம். மக்கள் நீதிமன்றத்தில் எழுதிய உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. நாய்ச் சண்டைக்கு இதுவே பொருத்தமான இடம்.
4. கடைசியாக உரிமையியல் வழக்கு. 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 7, 8 பிரிவுகள் குறிப்பிட்ட ஒரு பொருளையே திரும்பக் கேட்க வழி செய்கின்றன. பணம் ஈடாகாது என்ற வாதம் நாய்க்குப் பொருந்தும் அளவுக்கு நாற்காலிக்குப் பொருந்தாது. தொலைந்த நாய் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த நாளில் இருந்து மூன்று ஆண்டு கெடு.

நாய் யார் கையில் இருக்கிறதோ அவரே உடையவர் என்றுதான் சாட்சியச் சட்டம் தொடங்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கேட்பவர். வாட்ஸப் செய்தியையும் படங்களையும் அச்சிட்டுக் கொடுத்தால் போதாது. மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும், மூலம் இருக்கும் போனை விற்றுவிடக் கூடாது. மூன்று ஆண்டு கெடு இருக்கிறதே என்று காத்திருப்பதும் தவறு. ஒவ்வொரு மாதமும் நாய் அந்த வீட்டு நாயாகிக்கொண்டிருக்கிறது.

தெருநாய் என்றால்

சோறு வைப்பதால் உரிமை வராது. 2023ஆம் ஆண்டு விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாயைச் சமுதாய விலங்கு என்கின்றன. தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம். நாய்க்கு அடையாளம் இட்டுத் தருவார்கள். எடுத்த பின் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொன்னது. அந்த விண்ணப்ப நகல்தான் தெருநாயைத் தத்தெடுத்தவரின் முதல் சான்று. ஐந்து வருடம் சோறு வைத்த பாட்டியிடம் முதலில் சொல்லிவிட்டு எடுப்பது சட்டம் கேட்காத ஒன்று. கேட்காவிட்டாலும் செய்ய வேண்டும்.

தத்து ஒப்பந்தம் எழுதும் முறை

"எங்களுக்குத் தோன்றும்போது நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்." பல ஒப்பந்தங்களில் உள்ள இந்த வரி பலவீனமானது. கொடுத்தவரின் விருப்பப்படி மட்டுமே ரத்தாகும் கொடை நிபந்தனை செல்லாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. குறிப்பிட்ட நிகழ்வு நடந்தால் ரத்தாகும் என்று இருவரும் ஒப்பி எழுதினால் நிற்கும். எனவே நிகழ்வுகளைத் தெளிவாக எழுத வேண்டும்:

1. நாயை வேறு யாருக்காவது கொடுத்தால் அல்லது விற்றால்.
2. தெருவில் விட்டால், கைவிட்டால். கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவிலும் குற்றம்.
3. நாள் முழுதும் சங்கிலியில் கட்டி வைத்தால். வெறிநோய்த் தடுப்பூசியை விட்டுவிட்டால்.
4. தொலைந்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்தவருக்குச் சொல்லாவிட்டால்.

நாய் கிடைத்த விதம், மைக்ரோசிப் எண், இருவரின் முகவரி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். வாங்கும் பணத்தை விலை என்று எழுதாமல், தடுப்பூசி, கருத்தடைச் செலவு என்று ரசீதோடு எழுத வேண்டும். உரிய முத்திரைக் கட்டணத்தை வழக்கறிஞரிடம் கேட்டு அந்த மதிப்புள்ள தாளில் எழுதினால் பின்னால் தடை வராது. தற்காலிகப் பராமரிப்புக்குத் தனி ஒப்பந்தம் தேவை. அதில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்க வேண்டும். முடியும் தேதி இல்லாத பராமரிப்புதான் பெரும்பாலும் சண்டையில் முடிகிறது.

ஒப்படைக்கும் நாள்

யார் பக்கம் முடிவானாலும், அன்று நாய் ஒரு வீட்டை இழக்கிறது.

1. வெடி, திருவிழா, கல்யாணச் சத்தம் இல்லாத நாளாகப் பார்த்து, பகலில், பழகிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.
2. இரண்டு கயிறு: ஒன்று கழுத்துப்பட்டையில், ஒன்று மார்புப் பட்டையில். கைமாறும் அந்த ஒரு நிமிடத்தில் நழுவி ஓடுகிற நாய்கள் உண்டு.
3. படுத்த துணியை நாயோடு கொடுக்க வேண்டும். என்ன சாப்பிட்டது, எப்போது கடைசி ஊசி, எதற்குப் பயப்படும் என்று ஒரு தாளில் எழுதித் தரலாம்.
4. ஒப்படைப்புக் கடிதத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். இனி உரிமை கோர மாட்டோம் என்ற வரி அதில் இருக்கட்டும். பார்த்துப் போக அனுமதி உண்டு என்றால் அதையும், எந்தக் கிழமை என்பதோடு, எழுத வேண்டும்.
5. முதல் இரண்டு வாரம் கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள். பழைய வீட்டைத் தேடி நாய் ஓடினால், முதலில் போன் போக வேண்டியது அந்த வீட்டுக்குத்தான். அங்கேதான் அது போயிருக்கும்.
6. அந்த வாரத்துக்குள் மைக்ரோசிப் பதிவேட்டிலும், உரிமத்திலும், தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் பெயரையும் போன் எண்ணையும் மாற்றிவிட வேண்டும்.